நாழிகையிலிருந்து நொடி வரை: நேரக் கணக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஜாதகக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு "இது மணிக்கு எவ்வளவு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஓவர்டைம் சீட்டைக் கூட்டிப் பார்த்துத் தலை சுற்றிப்போனவர்கள் உண்டு. நள்ளிரவு ரயிலைத் தவறவிட்டவர்களும் உண்டு. இவர்கள் கேட்கும் கேள்விகள் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று இந்தப் பக்கம். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடலாம்: இந்தக் கணக்குகளில் பெருக்கல், வகுத்தலில் தடுமாறுபவர்கள் குறைவு. எந்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள்.

ஒரு நாழிகை எத்தனை நிமிடம்?

24 நிமிடம். ஒரு நாள் 60 நாழிகை. ஒரு நாழிகை 60 விநாழிகை. ஒரு விநாழிகை 60 தற்பரை. கடிகாரக் கணக்கில் விநாழிகை 24 நொடி, தற்பரை 0.4 நொடி. மேலே போனால் இரண்டரை நாழிகை ஒரு மணி, ஏழரை நாழிகை ஒரு சாமம்.

மனக்கணக்காகப் போட ஒரு வழி இருக்கிறது. நாழிகையை 5ஆல் வகுத்து 2ஆல் பெருக்கினால் மணி கிடைக்கும். விநாழிகையையும் அதேபோல 5ஆல் வகுத்து 2ஆல் பெருக்கினால் நிமிடம் கிடைக்கும். 15 நாழிகை 30 விநாழிகை என்றால் 6 மணி 12 நிமிடம். இரண்டு அடுக்குக்கும் ஒரே சூத்திரம் செல்லுபடியாவதற்குக் காரணம், இரு பக்கமும் அறுபது அறுபதாகவே இறங்குவதுதான்.

பஞ்சாங்கத்தில் "பஞ்சமி 23.45" என்று போட்டிருக்கிறது. கடிகாரத்தில் எத்தனை மணி?

முதலில் அந்தப் புள்ளியைக் கவனியுங்கள். அது தசமப் புள்ளி இல்லை. 23 நாழிகை 45 விநாழிகை என்று படிக்க வேண்டும். 23 நாழிகைக்கு 9 மணி 12 நிமிடம், 45 விநாழிகைக்கு 18 நிமிடம், மொத்தம் ஒன்பதரை மணி நேரம்.

இதோடு விட்டுவிட்டு "பஞ்சமி காலை ஒன்பதரை வரை" என்று சொல்லிவிடுபவர்கள் இருக்கிறார்கள். பஞ்சாங்க நாழிகை நள்ளிரவிலிருந்து ஓடுவதில்லை, சூரிய உதயத்திலிருந்து ஓடுகிறது. அன்றைய உதயம் 6.05 என்றால் அதோடு ஒன்பதரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். பஞ்சமி மாலை 3.35 வரை இருக்கிறது.

உதயத்தைக் குத்துமதிப்பாக ஆறு மணி என்று வைத்துக்கொள்ளலாமா என்றால், அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் சென்னையில் ஜூன் தொடக்கத்தில் 5.40ஐ ஒட்டி விடிகிறது, ஜனவரிக் கடைசியில் 6.35ஐ ஒட்டித்தான் விடிகிறது. இடையே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், அதாவது இரண்டு நாழிகைக்கும் மேல். திதி முடிகிற நேரத்தில் காரியம் வைத்திருப்பவருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

சென்னைப் பஞ்சாங்கத்தைக் கோயம்புத்தூரில் வைத்துப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் உதயத்தையும் சென்னை உதயமாகவே எடுக்க வேண்டும். திதி முடிவது எல்லா ஊருக்கும் ஒரே கணம். அந்தக் கணம் சென்னை உதயத்திலிருந்து இத்தனை நாழிகை என்றுதான் அந்தப் பஞ்சாங்கம் சொல்கிறது. தீர்க்கரேகையில் ஒரு பாகைக்கு 4 நிமிடம். சென்னைக்கும் கோவைக்கும் சுமார் 3.3 பாகை வித்தியாசம், ஆக கோவையில் சுமார் 13 நிமிடம் தாமதமாக விடியும். கோவை உதயத்தோடு சென்னை நாழிகையைக் கூட்டினால் அரை நாழிகைக்கு மேல் தள்ளிப்போகும். எந்த ஊருக்குக் கணித்தது என்று பஞ்சாங்கத்தின் முன்பக்கங்களில் அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள்.

தினசரி நாட்காட்டிகளில் இப்போது திதியை மணி, நிமிடத்திலேயே போட்டுவிடுகிறார்கள். அங்கே இந்தத் தொல்லை கிடையாது.

பஞ்சாங்க விநாடியும் செகண்டும் ஒன்றா?

இல்லை. பல பஞ்சாங்கங்களில் விநாழிகையைத்தான் விநாடி என்று அச்சிடுகிறார்கள். அது 24 செகண்ட். குழப்பம் வேண்டாம் என்று இந்தப் பக்கத்தில் செகண்டை நொடி என்றும், பஞ்சாங்க அளவை விநாழிகை என்றும் எழுதியிருக்கிறது.

தாத்தாவின் ஜாதகத்தில் "புதன்கிழமை இராத்திரி 20 நாழிகைக்கு ஜனனம்" என்று இருக்கிறது. பிறப்புப் பதிவிலோ வியாழக்கிழமை. எது சரி?

இரண்டும் சரி. "உதயாதி" என்று எழுதியிருந்தால் சூரிய உதயத்திலிருந்து எண்ண வேண்டும். "இராத்திரி இத்தனை நாழிகை" என்றால் அஸ்தமனத்திலிருந்து. அன்று 6.10க்குப் பொழுது சாய்ந்தது என்றால் 20 நாழிகை, அதாவது 8 மணி நேரம் கழித்து, பின்னிரவு 2.10. ஆங்கிலத் தேதி நள்ளிரவு 12 மணிக்கே வியாழனுக்கு மாறிவிட்டது. பஞ்சாங்க நாள் அடுத்த உதயம் வரை புதன்தான். நகராட்சி எழுத்தர் ஒரு கணக்கில் எழுதினார், ஜோதிடர் இன்னொரு கணக்கில் எழுதினார், அவ்வளவுதான்.

ஜாதக மென்பொருளில் போடும்போது வியாழக்கிழமைக்குரிய ஆங்கிலத் தேதியையும் 2.10 ஏஎம் என்பதையும் கொடுக்க வேண்டும். புதன் தேதியோடு 2.10 ஏஎம் கொடுத்தால் முழுசாக ஒரு நாள் முன்னே போய்விடும், நட்சத்திரமே மாறிவிடும். மாப்பிள்ளை வீட்டார் ஒரு நட்சத்திரமும் பெண் வீட்டார் ஒரு நட்சத்திரமும் சொல்லிக்கொண்டு நிற்கும் பஞ்சாயத்துகளில் பாதி இந்த வகை.

மணிக்கணக்கிலேயே எழுதியிருக்கும் பழைய பிறந்த நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

எந்த வருடம், எந்த நாடு என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கடிகாரங்களையே அரசுகள் நகர்த்தியிருக்கின்றன.

இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து 1906இல் வந்தது. அது உத்தரப் பிரதேசத்தில் மிர்சாப்பூர் பக்கமாகப் போகிற கோடு. அதற்கு முன் சென்னைக்கென்று தனி நேரம் இருந்தது, 1792இல் கட்டிய மதராஸ் வானோக்கு நிலையத்தின் நேரம். அது இன்றைய இந்திய நேரத்துக்குச் சுமார் 9 நிமிடம் பின்தங்கியது. சென்னையில் உண்மையான உச்சிப்பொழுது இன்றும் சராசரியாக 12.09ஐ ஒட்டித்தான் வருகிறது. இரண்டாம் உலகப் போரின்போது 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை இந்தியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்திருந்தார்கள். அந்த ஆண்டுகளில் பிறந்தவர்களின் நேரத்தில் ஒரு மணியைக் கழித்தால்தான் இன்றைய கணக்குக்கு வரும்.

இலங்கையில் பிறந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மின்தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1996 மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தார்கள். 2006 ஏப்ரல் 15 அன்றுதான் பழையபடி, உலக நேரத்தைவிட (லண்டனின் குளிர்கால நேரம்) ஐந்தரை மணி முன்னே என்ற கணக்குக்கு வந்தார்கள். இந்தப் பத்து வருடமும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. ஆகவே 1999இல் பிறந்த ஒருவருக்குக் கொழும்பு மருத்துவமனைக் கடிகாரம் காட்டிய 8.00 மணியும், கிளிநொச்சியில் வீட்டுக் கடிகாரம் காட்டிய 7.30 மணியும் ஒரே கணம். அரை மணி என்பது ஒன்றேகால் நாழிகை. லக்கினம் ஒன்றுக்குச் சராசரி ஐந்து நாழிகைதான் என்பதால், ஒன்றேகால் நாழிகை பிசகினால் லக்கினம் மாற நிறைய வாய்ப்பு இருக்கிறது. பிறந்த ஊர் அப்போது யார் கையில் இருந்தது என்று பெற்றோரிடம் கேட்டுக்கொள்வது உத்தமம்.

சிங்கப்பூரும் மலேசியத் தீபகற்பமும் 1982 தொடக்கத்தில் ஏழரையிலிருந்து எட்டுக்கு மாறின. அதற்கு முன் அங்கே பிறந்தவர்களுக்கும் அரை மணிக் கணக்கு உண்டு.

கடிகாரம் இல்லாத காலத்தில் நாழிகையை எப்படி அளந்தார்கள்?

இரவில் நீர், பகலில் நிழல்.

நீர்க் கருவிக்கு நாழிகை வட்டில் என்று பெயர். அடியில் நுண்ணிய துளையிட்ட சிறு கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். துளை வழியாக நீர் ஏறி, கிண்ணம் மூழ்கினால் ஒரு நாழிகை. எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி மிதக்கவிட வேண்டும். இன்னும் பழைய காலத்தில், முல்லைப்பாட்டில் வரும் பாசறையில், பொழுது அளப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இரவில் அரசன் முன் வந்து, குறுநீர்க் கன்னல் இவ்வளவு காட்டுகிறது என்று சொல்கிறார்கள். போர்க்களத்தில்கூட அந்த வேலைக்கென்று ஆள் இருந்திருக்கிறது.

பகலுக்கு ஒரு துரும்பு போதும். "காட்டுத் துரும்பெடுத்துக் கண்டம் பதினாறாக்கி" என்று தொடங்கும் பழம்பாட்டு ஒன்று உண்டு. செய்முறை இதுதான். 16 விரற்கடை (ஒரு விரற்கடை என்பது ஒரு விரலின் அகலம்) நீளத்துக்கு ஒரு துரும்பை நறுக்கிக்கொள்ளுங்கள். அதை ஓர் இடத்தில் மடித்து, ஒரு பகுதி தரையில் கிடக்க, இன்னொரு பகுதி செங்குத்தாக நிற்கும்படி வையுங்கள். கிடக்கும் பகுதி நிழல் விழும் திசையில் இருக்க வேண்டும். நிற்கும் பகுதியின் நிழல், கிடக்கும் பகுதியின் நுனியைச் சரியாகத் தொடும் வரை மடிப்பை மேலும் கீழும் மாற்றிப் பாருங்கள். தொட்டதும், நிற்கும் பகுதி எத்தனை விரற்கடை என்று அளந்தால் அத்தனை நாழிகை. முற்பகல் என்றால் விடிந்து அத்தனை நாழிகை ஆயிற்று. பிற்பகல் என்றால் பொழுது சாய இன்னும் அத்தனை நாழிகை இருக்கிறது.

இது எவ்வளவு துல்லியம்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கும்போது நிழலும் துரும்பும் ஒரே நீளம். 16இல் பாதி 8, ஆக 8 நாழிகை, 3 மணி 12 நிமிடம். பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில் சென்னையில் சூரியன் அந்த உயரத்துக்கு வர 3 மணி 6 நிமிடம் ஆகும். ஆறே நிமிடம்தான் வித்தியாசம், அற்புதம். விடிந்து ஒரு மணி நேரத்தில் பார்த்தால் துரும்பு ஒரு மணி 20 நிமிடத்தை ஒட்டிக் காட்டும், பரவாயில்லை. மார்கழி நண்பகலில்தான் காலை வாரிவிடும். சூரியன் உச்சிக்கு வராமல் தெற்கே சாய்ந்தே போவதால் துரும்பு 9 விரற்கடைக்குச் சற்று மேல் காட்டும், உண்மையிலோ விடிந்து 14 நாழிகை தாண்டியிருக்கும். சூரியன் தலைக்கு நேராக வருகிற சித்திரை, ஆவணிப் பக்கம் செய்து பார்த்தால் நன்றாக ஒத்துவரும். பிள்ளைகளுக்கு விடுமுறையும் சித்திரையில்தான், ஈர்க்குச்சி ஒன்று போதும்.

சாமம், ஓரை, முகூர்த்தம் எல்லாம் எத்தனை மணி நேரம்?

சாமம் 3 மணி நேரம். இரவுக்கு நான்கு சாமம், சிவராத்திரியின் நான்கு கால பூஜை இந்தக் கணக்குத்தான். ஓரை ஒரு மணி நேரம்.

முகூர்த்தத்தில்தான் வில்லங்கம். வடமொழி நூல் வழக்கில் ஒரு நாளுக்கு 30 முகூர்த்தம், ஒன்று 2 நாழிகை, 48 நிமிடம். தமிழ் வழக்கில் மூன்றேமுக்கால் நாழிகையை முகூர்த்தம் என்கிறார்கள், அது ஒன்றரை மணி நேரம். கல்யாணப் பத்திரிகையில் "காலை 9.00 மணி முதல் 10.30 மணிக்குள்" என்று பார்க்கிறீர்களே, அது இரண்டாவது வகை. பிரம்ம முகூர்த்தம் முதல் வகை: உதயத்துக்கு 1 மணி 36 நிமிடம் முன் தொடங்கி, 48 நிமிடம் முன் முடிகிறது. 6.05க்கு விடிந்தால் 4.29 முதல் 5.17 வரை.

ராகு காலம் எல்லா நாளும் ஒன்றரை மணி நேரம்தானா?

நாட்காட்டியில் அப்படித்தான். ஆறு முதல் ஆறு வரை 12 மணி நேரப் பகல் என்று வைத்து, எட்டாகப் பிரித்து, முதல் பங்கை விட்டுவிட்டு மற்ற ஏழையும் ஏழு கிழமைக்குக் கொடுத்தது அது. "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்ற வாக்கியத்தில் சொற்களின் முதலெழுத்தைப் பாருங்கள். திங்கள் 7.30, சனி 9, வெள்ளி 10.30, புதன் 12, வியாழன் 1.30, செவ்வாய் 3, ஞாயிறு 4.30. உண்மையான பகல் நீளத்தை எட்டாக வகுப்பவர்களுக்குச் சென்னையில் ஜூனில் சுமார் 96 நிமிடமும் டிசம்பரில் சுமார் 85 நிமிடமும் வரும். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம்.

ஆனிக்கு 32 நாள் வருகிறது, மார்கழிக்கு 29 நாள்தான். ஏன்?

தமிழ் மாதம் என்பது சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் நேரம். பூமி ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் இருந்து வேகமாக ஓடுகிறது, ஜூலைத் தொடக்கத்தில் தொலைவில் மெதுவாக நகர்கிறது. அதனால் மார்கழி குறுகியது, ஆனி நீண்டது. மரபுக் கணக்கில் ஆனி 31 நாள் 36 நாழிகை 38 விநாழிகை. மார்கழி 29 நாள் 20 நாழிகை 53 விநாழிகை. மேலே சொன்ன சூத்திரப்படி மாற்றினால் ஆனியின் உபரி 14 மணி 39 நிமிடம் 12 நொடி, மார்கழியின் உபரி 8 மணி 21 நிமிடம் 12 நொடி. இந்த உபரியால்தான் ஆனி சில வருடம் 31, சில வருடம் 32 நாளாக வருகிறது.

தமிழ்ப் புத்தாண்டு எப்போதும் ஏப்ரல் 14தானா?

இல்லை, மெல்ல நகர்கிறது. வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டு 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை. மாற்றிப் பார்ப்போம். 15 நாழிகை 6 மணி நேரம். 31 விநாழிகை 12 நிமிடம் 24 நொடி. 15 தற்பரை 6 நொடி. ஆக 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 நொடி. ஆரியபட்டரின் ஆண்டும் இதேதான்.

ஆங்கில நாட்காட்டியின் சராசரி ஆண்டு 365 நாள் 5 மணி 49 நிமிடம் 12 நொடி. வருடத்துக்கு 23 நிமிடம் 18 நொடி வித்தியாசம். சுமார் 62 வருடத்தில் அது ஒரு நாளாகச் சேர்ந்துவிடும். பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருடம் ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் புத்தாண்டும் பொங்கலும் ஏறக்குறைய ஒரு தேதி தள்ளிப் போகின்றன. சாட்சி வேண்டுமென்றால் விவேகானந்தரின் பிறந்தநாள் இருக்கிறது. அவர் பிறந்த 1863 ஜனவரி 12 மகர சங்கராந்தி நாள். இப்போது சங்கராந்தி 14 அல்லது 15இல் வருகிறது.

இரண்டே முக்கால் மணி நேரம் என்பதை 2.45 என்று எழுதிக் கூட்டலாமா?

கூட்டினால் பணம் போகும். மூன்று நாள் ஓவர்டைம் 2 மணி 45 நிமிடம், 1 மணி 50 நிமிடம், 3 மணி 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்குலேட்டரில் 2.45, 1.50, 3.20 என்று தட்டினால் 7.15 வரும். உண்மையான கூட்டுத்தொகை 7 மணி 55 நிமிடம். மணிக்கு 120 ரூபாய் என்றால் 7.15க்கு 858 ரூபாய், சரியான கூலி 950 ரூபாய். 92 ரூபாய் கண்ணுக்குத் தெரியாமல் காணாமல் போயிற்று.

நிமிடத்தை 60ஆல் வகுத்து மணியோடு சேர்த்தால் தசமக் கணக்கு வந்துவிடும்: 45 நிமிடம் 0.75, 20 நிமிடம் 0.33. எக்செலில் நேரத்தை 2:45 என்று முக்காற்புள்ளி வைத்து உள்ளிடுங்கள். எக்செல் ஒரு நாளை 1 என்று வைத்துக்கொள்கிறது, ஆகவே கூலி கணக்கிடும்போது 24ஆல் பெருக்க வேண்டும். கூட்டுத்தொகை 24 மணியைத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து காட்டும். செல் வடிவமைப்பில் மணியைக் குறிக்கும் எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டால் முழுத் தொகையும் தெரியும்.

ரயில் டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.10 என்று இருக்கிறது. எந்த ராத்திரி ஸ்டேஷனுக்குப் போவது?

14ஆம் தேதி ராத்திரி. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, பதினொன்றரைக்கெல்லாம் நடைமேடையில் இருங்கள். 15ஆம் தேதி ராத்திரி போனால் ரயில் போய் 24 மணி நேரம் ஆகியிருக்கும். 12 ஏஎம் நள்ளிரவு, 12 பிஎம் நண்பகல் என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கலாம். பேச்சில் நாம் "பதினாலாம் தேதி ராத்திரி பன்னிரண்டு பத்து" என்போம், ரயில்வே அப்படிச் சொல்லாது.

ஒரு மாதம் நான்கு வாரம்தானே?

பிப்ரவரிக்கு மட்டும், அதுவும் லீப் வருடம் இல்லாதபோது. சராசரி மாதம் 4.35 வாரம். இந்த 0.35இல்தான் 28 நாள் ரீசார்ஜ் வியாபாரம் ஓடுகிறது: 365ஐ 28ஆல் வகுத்தால் 13, வருடத்துக்கு ஒரு ரீசார்ஜ் கூடுதல். 30 நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022இல் உத்தரவிட்டது.

"பத்து மாதம் சுமந்து பெற்றவள்" என்பது ஒன்பது மாதத்தை உயர்த்திச் சொன்னது இல்லை. மருத்துவர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணுகிறார்கள். 28 நாள் மாதமாகப் பார்த்தால் அது சரியாகப் பத்து.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு எப்போது போன் செய்வது?

இந்திய, இலங்கை நேரத்தோடு சிங்கப்பூருக்கு இரண்டரை மணி கூட்டுங்கள். துபாய்க்கு ஒன்றரை மணி கழியுங்கள். லண்டனுக்குக் குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் நான்கரை கழியுங்கள். டொரண்டோவுக்குக் குளிர்காலத்தில் பத்தரை, கோடையில் ஒன்பதரை. மார்ச் மாதத்தில் கனடா இரண்டாவது ஞாயிறன்றே கடிகாரத்தை மாற்றுகிறது, பிரிட்டன் கடைசி ஞாயிறு வரை காத்திருக்கிறது. அந்த இடைப்பட்ட வாரங்களில் லண்டன் மகனும் டொரண்டோ மகளும் சேர்ந்து வரும் வீடியோ அழைப்பை ஒரு முறை சரிபார்த்துவிட்டு வையுங்கள்.

ஒரு வருடத்தில் எத்தனை நொடி?

ஒரு நாளுக்கு 86,400. 365 நாளுக்கு 3,15,36,000, அதாவது மூன்றேகால் கோடிக்குச் சற்றுக் குறைவு. நூறு கோடி நொடி வாழ 31 வயது தாண்டி எட்டு மாதம் ஆகும்.

நொடியை யார் தீர்மானிக்கிறார்கள்? லீப் நொடி என்றால் என்ன?

முன்பு நாளை 86,400ஆல் வகுத்தது நொடி. பூமி ஒரே சீராகச் சுற்றுவதில்லை என்று தெரிந்ததும் அந்தக் கணக்கைக் கைவிட்டார்கள். 1967 முதல் சீசியம் 133 அணு வெளியிடும் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சின் 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 அலைவுகள் ஒரு நொடி. இந்திய நேரத்தைப் புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களில் பராமரிக்கிறது.

அணுவும் பூமியும் விலகிப் போகாமல் இருக்க 1972 முதல் 27 முறை ஒரு நொடியைச் செருகியிருக்கிறார்கள். கடைசியாகச் செருகியது 2016 டிசம்பர் 31 முடிவில், உலக நேரப்படி நள்ளிரவில். நமக்கு அப்போது 2017 ஜனவரி 1 விடிகாலை. 5 மணி 29 நிமிடம் 59 நொடிக்குப் பிறகு 60ஆவது நொடி ஒன்று வந்து, அப்புறம்தான் ஐந்தரை ஆனது. கணினிக்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. 2035க்குள் இந்த வழக்கத்தை நிறுத்துவது என்று 2022இல் உலக அளவியல் மாநாடு முடிவு செய்தது.

கணினிக் கோப்பில் 1700000000 மாதிரி நீளமான எண் இருக்கிறது. அது தேதியா?

பெரும்பாலும் யூனிக்ஸ் நேரம். 1970 ஜனவரி 1 உலக நேரம் நள்ளிரவிலிருந்து எத்தனை நொடி என்ற எண். லீப் நொடிகளை அதில் சேர்ப்பதில்லை. நம் ஊரில் அந்தத் தொடக்கம் காலை ஐந்தரை. நீங்கள் சொன்ன எண் உலக நேரப்படி 2023 நவம்பர் 14 இரவு 10 மணி 13 நிமிடம் 20 நொடி. ஐந்தரை மணி கூட்டினால் இந்தியாவில் 15ஆம் தேதி பின்னிரவு 3 மணி 43 நிமிடம் 20 நொடி. ஐந்தரையைக் கூட்ட மறந்தால் நேரத்தோடு தேதியும் மாறிவிடும். எக்செலில் மாற்ற 86400ஆல் வகுத்து 25569ஐக் கூட்டி, செல்லைத் தேதியாக வடிவமைத்தால் உலக நேரம் வரும். எண்ணில் 13 இலக்கம் இருந்தால் அது மில்லி நொடி, முதலில் 1000ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.